புதிய கம்ப்யூட்டரா? முதல் வேலை சிஸ்டம் இமேஜ்!

புதிய லேப்டாப் அல்லது டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டிற்குக் கொண்டு வந்துவிட்டீர்கள். பெட்டியைப் பிரித்தவுடன் என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் போட்டோக்களை ஏற்றுவார்கள். பிள்ளைகள் கேம்ஸ் பதிவார்கள். நண்பர் ஒருவர் பென் டிரைவில் பத்து புரோகிராம்களைக் கொண்டு வந்து, "இதெல்லாம் கட்டாயம் வேண்டும்" என்று இன்ஸ்டால் செய்து தருவார். ஒரே வாரத்தில், கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் எப்படி இருந்தது என்பதே மறந்து போகும். ஆறு மாதம் கழித்து விண்டோஸ் திறக்காமல் நின்றுவிட்டால், "பழையபடி எப்படிக் கொண்டு வருவது?" என்று யோசிப்போம்.

இந்தக் கேள்விக்கு விடை தரும் வேலையை முதல் நாளே முடித்துவிடலாம். அதன் பெயர் சிஸ்டம் இமேஜ். புதியதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதனைப் படித்துக் கொண்டே செய்திடும் வகையில் இந்தப் பாடம் தரப்படுகிறது.

சிஸ்டம் இமேஜ் என்றால் என்ன?

பைல் பேக்கப் என்பது நீங்கள் உருவாக்கிய பைல்களின் நகல். கடிதம், போட்டோ, வீடியோ, கணக்கு போன்றவை இதில் அடங்கும். சிஸ்டம் இமேஜ் என்பது விண்டோஸ், டிரைவர் புரோகிராம்கள், செட்டிங்ஸ், இன்ஸ்டால் செய்த சாப்ட்வேர்கள், கம்ப்யூட்டர் இயங்கத் தேவையான மறைவான பகுதிகள் என அனைத்தையும் சேர்த்து எடுக்கப்படும் முழு நகல்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதனை எளிதாகச் சொல்லலாம். தேயிலை விதையை ஊன்றினால் செடி வரும். ஆனால் அது தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையுடன் கூடிய தண்டை வெட்டி நாற்றங்காலில் வளர்த்தால், அதே குணமுள்ள செடி கிடைக்கும். விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்வது விதை போடுவதைப் போன்றது. சிஸ்டம் இமேஜிலிருந்து மீட்பது தாய்ச்செடித் தண்டை நடுவதைப் போன்றது.

"சி டிரைவை அப்படியே காப்பி செய்து வைத்தால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது. விண்டோஸ் இயங்கிக் கொண்டிருக்கும்போது பல பைல்கள் பயன்பாட்டில் இருக்கும். அவற்றைச் சாதாரணமாகக் காப்பி செய்ய முடியாது. மேலும், கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் சிறிய பகுதி எக்ஸ்புளோரரில் கண்ணுக்கே தெரியாது. அது இல்லாமல் மற்றவற்றை வைத்துக் கொண்டு கம்ப்யூட்டரை இயக்க முடியாது.

இந்த முறை புதியதல்ல. 1990களின் நடுவில் நியூசிலாந்தில் உருவான கோஸ்ட் என்ற புரோகிராம் இதனைப் பிரபலமாக்கியது. அதனை 1998ல் சைமன்டெக் நிறுவனம் வாங்கியது. பின்னர் நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் உலகெங்கும் பயன்பட்டது. நம் ஊர் சர்வீஸ் கடைகளில் இன்றும் "கோஸ்ட் போட்டுத் தருகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013ல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதன் அடிப்படை முறை இன்றும் அப்படியே இருக்கிறது.

ஏன் முதல் நாளிலேயே எடுக்க வேண்டும்?

நான்கு காரணங்கள் உள்ளன.

1. முதல் நாளில் கம்ப்யூட்டர் சுத்தமாக இருக்கும். வைரஸ் இல்லை, தேவையற்ற புரோகிராம் இல்லை. பின்னாளில் சிக்கல் வந்த பிறகு இமேஜ் எடுத்தால் அந்தச் சிக்கலும் சேர்ந்தே நகலாகும்.

2. அளவு சிறியதாக இருக்கும். விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப்பில் பொதுவாக 50 ஜிபி அளவில்தான் இடம் நிரம்பியிருக்கும். போட்டோவும் வீடியோவும் சேர்ந்த பிறகு இது பல மடங்காகும். நேரமும் அதற்கேற்பக் கூடும்.

3. உங்கள் சொந்த பைல்கள் அதில் இருக்காது. எனவே சர்வீஸ் செய்பவரிடம் அந்த டிஸ்க்கைக் கொடுக்க நேர்ந்தாலும் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை.

4. தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்றே அமைத்துத் தந்த டிரைவர்கள் அனைத்தும் அதில் இருக்கும். டச் பேட், வைபை, கேமரா, விரல் ரேகை ரீடர், ஒலி எனத் தனித்தனியாக டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. இதில் மிகவும் தொல்லை தருவது வைபை டிரைவர்தான். அது இல்லாவிட்டால் இன்டர்நெட் இல்லை. இன்டர்நெட் இல்லாவிட்டால் அந்த டிரைவரையே டவுன்லோட் செய்ய முடியாது!

மலையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் காரணம்

அருவங்காட்டை அடுத்துள்ள ஜெகதளாவை எடுத்துக் கொள்வோம். லேப்டாப்பில் சிறிய கோளாறு என்றால் குன்னூரிலோ ஊட்டியிலோ பார்க்கலாம். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டும் என்றால் பலரும் மலை இறங்கிக் கோயம்புத்தூருக்குத்தான் போகிறார்கள். போக மட்டும் சுமார் 75 கி.மீ. ஒரு நாள் முழுவதும் அதற்கே சரியாகிவிடும். சாப்ட்வேர் கோளாறு வாரண்டியில் வராது என்று அங்கே சொல்லிவிட்டால் பணமும் செலவாகும்.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் கடினம். குன்னூர் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும், மலை ரயில் நிறுத்தப்படுவதும் நமக்குப் பழக்கமான செய்திகள். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். சாலைகளும் ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தன. அத்தகைய நாட்களில் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டு யாரும் மலை இறங்க முடியாது. மின்சாரமும் மொபைல் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும்.

அந்த நேரத்தில்தான் கல்லூரி மாணவிக்குப் பிராஜெக்ட் அனுப்பும் கடைசி நாள் வரும். சிறு தேயிலை விவசாயிக்குப் பச்சைத் தேயிலைக் கணக்கு பார்க்க வேண்டியிருக்கும். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். கையில் சிஸ்டம் இமேஜ் உள்ள டிஸ்க் இருந்தால், இன்டர்நெட் இல்லாமலேயே ஒரு மணி நேர அளவில் கம்ப்யூட்டரை மீண்டும் இயக்கிவிடலாம்.

ரீசெட் வசதி இருக்கிறதே?

விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' என்ற வசதி இருப்பது உண்மை. நல்ல வசதிதான். ஆனால் அதற்குச் சில எல்லைகள் உண்டு.

ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி பழுதடைந்துவிட்டால் ரீசெட் செய்ய எதுவும் இருக்காது. 'கிளவுட் டவுன்லோட்' முறையைத் தேர்ந்தெடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகலாம் என்று விண்டோஸே எச்சரிக்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இதனைச் செய்வது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரீசெட் முடிந்த பிறகு நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் இருக்காது. அவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் போட வேண்டும்.

எனவே ரீசெட் முதல் முயற்சி. அது கை கொடுக்காதபோது காப்பாற்றுவது சிஸ்டம் இமேஜ். இரண்டும் இருப்பதே பாதுகாப்பு.

எந்தக் கட்டத்தில் எடுப்பது?

பெட்டியைத் திறந்து, விண்டோஸ் முதன்முதலில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன்பே இமேஜ் எடுக்க முடியும். ஆனால் அதற்கு வேறொரு கம்ப்யூட்டரில் தயாரித்த பூட் செய்யும் பென் டிரைவ் வேண்டும். புதியவர்களுக்கு அது சற்றுக் கடினம். மேலும் இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் ஏற்கனவே என்கிரிப்ட் செய்யப்பட்டே வருகிறது. வெளியிலிருந்து நகல் எடுக்கும் புரோகிராமுக்கு அதன் உள்ளடக்கம் புரியாது. ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் செய்வது நல்லது.

முதலில் விண்டோஸ் அமைப்பை முடித்து, மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் மூலம் உள்ளே செல்லவும். பின்னர் 'செட்டிங்ஸ்' சென்று, 'சிஸ்டம்' பிரிவில் 'ஆக்டிவேஷன்' என்ற இடத்தில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியுள்ளதா எனப் பார்க்கவும். கம்ப்யூட்டருடன் எம்எஸ் ஆபீஸ் இலவசமாகத் தரப்பட்டிருந்தால், வேர்ட் புரோகிராமைத் திறந்து அதனை உங்கள் அக்கவுன்ட்டில் பதிவு செய்து கொள்ளவும். இந்த ஆபீஸ் உரிமை உங்கள் அக்கவுன்ட்டுடன் இணைக்கப்படும். எனவே எந்த இமெயில் முகவரியில் பதிந்தீர்கள் என்பதனைப் பில்லின் பின்புறம் எழுதி வைக்கவும். கடைக்காரர் தன்னுடைய இமெயிலில் பதிந்து தருவதாகச் சொன்னால் மறுத்துவிடவும்.

இவ்வளவுதான். வேறு எதையும் இன்ஸ்டால் செய்யாமல், இந்தக் கட்டத்தில் இமேஜ் எடுக்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

1. ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. 1 டிபி அளவு இருந்தால் பல ஆண்டுகளுக்குப் போதும். விண்டோஸ் தரும் இமேஜ் வசதி சாதாரணப் பென் டிரைவை ஏற்றுக் கொள்ளாது.

2. ஒரு 32 ஜிபி பென் டிரைவ். இதில் உள்ளவை அனைத்தும் அழிக்கப்படும் என்பதால் புதியதாக இருப்பது நல்லது.

3. ஒரு தாளும் பேனாவும். சிரிக்க வேண்டாம். இவை ஏன் என்று பின்னால் தெரியும்.

4. தடையில்லா மின்சாரம். லேப்டாப் என்றால் முழுவதும் சார்ஜ் செய்து, சார்ஜரையும் இணைத்தே வைக்கவும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் அவசியம். மழை கொட்டும் மாலையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை இணைத்து, எக்ஸ்புளோரரில் அதன் மீது ரைட் கிளிக் செய்து 'பிராபர்ட்டீஸ்' பார்க்கவும். பைல் சிஸ்டம் என்ற இடத்தில் 'என்டிஎஃப்எஸ்' என்று இருக்க வேண்டும். வேறு பெயர் இருந்து, டிஸ்க்கும் காலியாக இருந்தால், மீண்டும் ரைட் கிளிக் செய்து 'பார்மட்' தேர்ந்தெடுத்து என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக் கொள்ளவும். பார்மட் செய்திடும் முன் சரியான டிரைவைத்தான் தேர்ந்தெடுத்துள்ளீர்களா என்று இரண்டு முறை பார்க்கவும்.

அடுத்து 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்' சென்று, பவர் பிரிவில் கம்ப்யூட்டர் தானாக ஸ்லீப் நிலைக்குச் செல்வதனை 'நெவர்' என மாற்றவும். வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடலாம்.

பகுதி 1: ரெகவரி டிரைவ் தயாரித்தல்

விண்டோஸ் திறக்காதபோது கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்க ஒரு சாவி வேண்டும். அதுதான் இந்தப் பென் டிரைவ்.

பென் டிரைவை இணைக்கவும். தேடல் கட்டத்தில் 'ரெகவரி டிரைவ்' என ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். 'கிரியேட் எ ரெகவரி டிரைவ்' என்று கிடைப்பதனைக் கிளிக் செய்திடவும். வரும் விண்டோவில் சிஸ்டம் பைல்களையும் சேர்க்கவா எனக் கேட்கும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். 'நெக்ஸ்ட்' கிளிக் செய்து, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'கிரியேட்' அழுத்தவும். இது முடிய ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். பொறுமையாக இருக்கவும்.

இதனை உங்கள் கம்ப்யூட்டரிலேயே தயாரிப்பது நல்லது. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் தயாரித்தால், உங்கள் மாடலின் எஸ்எஸ்டிக்கான டிரைவர் அதில் இல்லாமல் போகலாம்.

பகுதி 2: சிஸ்டம் இமேஜ் எடுத்தல்

1. எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை இணைக்கவும். யுஎஸ்பி 3 போர்ட்டில் இணைத்தால் வேகம் கூடும். பல கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட்டின் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும்.

2. தேடல் கட்டத்தில் 'கன்ட்ரோல் பேனல்' என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும்.

3. 'சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி' பிரிவில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் விண்டோஸ் 7' என்பதனைக் கிளிக் செய்திடவும். உங்களிடம் விண்டோஸ் 11 இருந்தாலும் பெயர் இப்படித்தான் இருக்கும். விண்டோஸ் 7 காலத்திலிருந்து தொடரும் வசதி என்பதால் இந்தப் பெயர்.

4. இடது புறத்தில் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்' என்ற வரியைக் கிளிக் செய்திடவும்.

5. எங்கே சேமிக்க வேண்டும் எனக் கேட்கும். 'ஆன் எ ஹார்ட் டிஸ்க்' என்பதில் உங்கள் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' அழுத்தவும்.

6. எந்தெந்தப் பகுதிகள் நகலெடுக்கப்படும் என்ற பட்டியல் தெரியும். சி டிரைவும், இஎஃப்ஐ சிஸ்டம் பகுதியும் அதில் கட்டாயம் இருக்கும். 'ஸ்டார்ட் பேக்கப்' கிளிக் செய்திடவும்.

7. முடிந்தவுடன் சிஸ்டம் ரிப்பேர் டிஸ்க் தயாரிக்கவா என்று கேட்கும். நாம்தான் ரெகவரி டிரைவ் தயாரித்துவிட்டோமே. 'நோ' என்று சொல்லி வெளியேறவும்.

எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் இப்போது 'விண்டோஸ் இமேஜ் பேக்கப்' என்ற போல்டர் இருக்கும். இதனை வேறு போல்டருக்குள் நகர்த்த வேண்டாம். உள்ளே உள்ள பைல்களையும் தொட வேண்டாம்.

இங்கே பலர் செய்திடும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில லேப்டாப்களில் ஒரே டிஸ்க்கை சி, டி என இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். "டி டிரைவ் காலியாகத்தானே இருக்கிறது" என்று இமேஜை அங்கே வைப்பார்கள். இரண்டும் ஒரே டிஸ்க்தான். டிஸ்க் பழுதானால் இரண்டும் ஒன்றாகவே போகும். வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் போட்டுத் தொலைத்த கதையாகிவிடும்.

இன்னொன்று. 'ரெகவரி' என்ற பெயரில் டிஸ்க்கில் ஒரு சிறிய பகுதி இருக்கும். இடம் வீணாகிறது என்று அதனை அழித்துவிட வேண்டாம்.

பகுதி 3: தாளில் எழுத வேண்டியது

விண்டோஸ் 11 உள்ள புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில், மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் மூலம் உள்ளே சென்றவுடன் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் செய்யப்படும். திருடர் கையில் லேப்டாப் சிக்கினாலும் பைல்களைப் படிக்க முடியாது. நல்லதுதான். ஆனால் கோளாறு வரும் நாளில் விண்டோஸ் உங்களிடமே 48 இலக்கம் கொண்ட ரெகவரி கீ எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உங்கள் டிஸ்க் உங்களுக்கே திறக்காது.

இந்த எண் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். இணைய தளத்தில் அக்கவுன்ட்டைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரின் கீழ் பிட்லாக்கர் கீ விபரத்தினைப் பார்க்கலாம். அதனைத் தாளில் எழுதி, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரி பார்க்கவும்.

இதன் அருமையை 2024 ஜூலை 19 அன்று உலகமே உணர்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட் ஒன்றினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ் கையால் எழுதித் தரப்பட்டது. அவை நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அல்ல. ஆனாலும் பாடம் நமக்கும்தான். பயனாளர் எந்தத் தவறும் செய்யாமலேயே கம்ப்யூட்டர் நின்று போகலாம். என்கிரிப்ட் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்களைச் சரி செய்தபோது, ரெகவரி கீ கையில் இருந்தவர்களின் வேலை விரைவாக முடிந்தது.

அதே தாளில் கம்ப்யூட்டரின் மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி ஆகியவற்றையும் எழுதி, பில்லுடன் சேர்த்து வைக்கவும். லேப்டாப் பையில் மட்டும் வைக்க வேண்டாம்.

பகுதி 4: சோதித்துப் பார்த்தல்

சோதிக்காத இமேஜை நம்ப முடியாது. உள்ளதை அழிக்காமலேயே சோதிக்க எளிய வழி இருக்கிறது.

கம்ப்யூட்டரை நிறுத்தவும். பென் டிரைவ், எக்ஸ்டெர்னல் டிஸ்க் இரண்டையும் இணைக்கவும். பவர் பட்டனை அழுத்தியவுடன் பூட் மெனுவிற்கான கீயைத் தொடர்ந்து தட்டவும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். உங்கள் மாடலுக்கு எது என்பதனையும் தாளில் குறித்துக் கொள்ளவும். மெனுவில் யுஎஸ்பி பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கவும்.

கீ போர்ட் வகையைத் தேர்ந்தெடுத்த பின் 'டிரபுள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' எனச் செல்லவும். அங்கே 'சிஸ்டம் இமேஜ் ரெகவரி' இருக்கும். இல்லாவிட்டால் 'சீ மோர் ரெகவரி ஆப்ஷன்ஸ்' என்பதனைக் கிளிக் செய்தால் கிடைக்கும். அதனைத் திறந்தால், நீங்கள் எடுத்த இமேஜின் தேதியும் நேரமும் கம்ப்யூட்டரின் பெயரும் தெரிய வேண்டும்.

தெரிந்துவிட்டால் வெற்றி! 'கேன்சல்' அழுத்தி, கம்ப்யூட்டரை நிறுத்திவிடவும். மேலே செல்ல வேண்டாம். பென் டிரைவ் இயங்குகிறது, டிஸ்க்கை அது அறிகிறது, இமேஜையும் காண்கிறது என்பது உறுதியாகிவிட்டது. மீண்டும் இயக்கும்போது ரெகவரி கீ கேட்டால், தாளைப் பார்த்து டைப் செய்திடவும்.

உண்மையாகவே மீட்க வேண்டிய நாளில் இதே வழியில் சென்று, 'நெக்ஸ்ட்' கொடுத்து, இறுதியில் 'பினிஷ்' அழுத்த வேண்டும். அப்போது டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்பட்டு, இமேஜ் எடுத்த நாளின் நிலைக்குத் திரும்பும். எனவே அதற்கு முன் உங்கள் பைல்களை எடுக்க முடியுமா என்று முயன்று பார்க்கவும். புதிய டிஸ்க் போட்டிருந்தால் அது பழைய டிஸ்க்கின் அளவோ, அதற்கு மேலோ இருக்க வேண்டும். மீட்ட பிறகு டிஸ்க் என்கிரிப்ட் ஆகாத நிலையில் இருக்கும். செட்டிங்ஸ் சென்று அதனை மீண்டும் இயக்கிக் கொள்ளவும்.

எதனை இது காப்பாற்றாது?

முதல் நாள் இமேஜில் முதல் நாளில் இருந்தவை மட்டுமே இருக்கும். அடுத்த மாதம் நீங்கள் ஏற்றும் ஹெத்தையம்மன் திருவிழா போட்டோக்களோ, தாத்தாவின் குரல் பதிவோ, தேயிலைக் கணக்கோ அதில் இருக்காது. விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் பெறலாம். தாத்தாவின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களை வாரம் ஒரு முறை அதே எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் காப்பி செய்திடவும். மிக முக்கியமானவற்றுக்கு இரண்டாவது நகல் ஒன்று வேறோர் இடத்தில், உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும்.

பத்து பதினைந்து நாட்களில் விண்டோஸ் அப்டேட், தமிழ் கீ போர்ட், பிரிண்டர், உங்களுக்குத் தேவையான புரோகிராம்கள் எல்லாம் அமைந்தவுடன் இரண்டாவது இமேஜ் எடுக்கவும். அதற்கு முன், முதல் போல்டரின் பெயரின் முடிவில் '1' எனச் சேர்த்து ரீநேம் செய்திடவும். இல்லாவிட்டால் புதியது பழையதன் இடத்தைப் பிடித்துக் கொள்ளலாம். முதல் இமேஜை மீட்க வேண்டிய நாளில், இரண்டாவது போல்டரின் பெயரை மாற்றிவிட்டு, முதல் போல்டருக்குப் பழைய பெயரை அப்படியே தர வேண்டும்.

டிஸ்க்கைப் பாதுகாப்பது எப்படி?

வேலை முடிந்ததும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிடவும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களின் பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இத்தகைய வைரஸ்கள் இணைத்து வைத்திருக்கும் டிஸ்க்கையும் விட்டு வைப்பதில்லை. கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்க்கை எந்த வைரஸும் எட்ட முடியாது.

நீலகிரியில் இன்னொரு எதிரி ஈரம். மூடுபனி நாட்களில் அலமாரித் துணியே பூஞ்சை பிடிக்கும். டிஸ்க்கையும் பென் டிரைவையும் இறுக மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்கவும். குளிரில் இருந்து எடுத்தவுடன் இணைக்காமல், சிறிது நேரம் அறை வெப்பத்தில் வைத்துப் பின் பயன்படுத்தவும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை இணைத்து, படிக்க முடிகிறதா எனப் பார்க்கவும்.

கேள்வி - பதில்

விண்டோஸ் தரும் இந்த வசதியை மட்டுமே நம்பலாமா?

2017ம் ஆண்டிலேயே மைக்ரோசாப்ட், இந்த வசதியைத் தான் மேலும் வளர்க்கப் போவதில்லை என அறிவித்து, பிற நிறுவனங்களின் புரோகிராம்களைப் பரிந்துரைத்தது. விண்டோஸ் 11லும் வசதி தொடர்கிறது என்றாலும், ஓரளவு பழகிய பின் ரெஸ்க்யூஜில்லா அல்லது குளோன்ஜில்லா மூலம் இன்னொரு இமேஜ் எடுத்து வைக்கலாம். இரண்டும் இலவசம். குளோன்ஜில்லா தைவான் நாட்டின் உயர்திறன் கம்ப்யூட்டிங் மையத்தில் உருவானது. ரெஸ்க்யூஜில்லா அதே வேலையை மவுஸ் கிளிக் மூலம் எளிதாகச் செய்கிறது. இவற்றைப் பயன்படுத்தும் முன் டிஸ்க் என்கிரிப்ஷனை நீக்கிக் கொண்டால் இமேஜ் சிறியதாக இருக்கும்.

நண்பரின் கம்ப்யூட்டரில் எடுத்த இமேஜை என்னுடையதில் போடலாமா?

வேண்டாம். டிரைவர்கள் பொருந்தாமல் போகலாம். விண்டோஸ் உரிமமும் அந்த மதர்போர்டுக்கு உரியது.

வீட்டில் விண்டோஸ் 10 உள்ள பழைய லேப்டாப் இருக்கிறது. அதற்கும் எடுக்கலாமா?

எடுக்கலாம். முறையும் ஏறக்குறைய இதுவே. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதனை நினைவில் கொள்ளவும். 2011ல் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்களில் விண்டோஸ் 11 இயங்கத் தேவையான வசதிகள் இருக்காது. அவற்றில் லினக்ஸ் போட நினைப்பவர்கள், அதற்கு முன் ஒரு முழு இமேஜ் எடுத்து வைத்தால், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம்.

எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்க இப்போது வசதியில்லை. என்ன செய்வது?

பென் டிரைவ் மட்டும் வாங்கி ரெகவரி டிரைவை இன்றே தயாரித்துவிடவும். ரெகவரி கீ எண்ணையும் எழுதி வைக்கவும். இவை இரண்டும் இருந்தாலே பாதிக் கவலை நீங்கும். டிஸ்க்கை அடுத்த மாதம் வாங்கிக் கொள்ளலாம்.

புதிய கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே, ஆசைகளைச் சிறிது தள்ளி வைத்து, ஒரு பிற்பகல் நேரத்தை இதற்குக் கொடுங்கள். பென் டிரைவ், டிஸ்க், தாள் ஆகிய மூன்றும் தயாரான பிறகு, பிள்ளைகள் தாராளமாக கேம்ஸ் பதியட்டும்.